முப்பத்தேழின் பதினோரு நிமிடம்

அந்த ஹாலில் அறுபது மேசைகள். பகல் ஷிப்டில் அறுபது பேர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் ஆடுகிறது, ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று யார் யாரோ கத்துவதை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களில் ஒருவன் அல்ல. அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஹாலுக்குப் பின்னால், தண்ணீர் கேன்களும் கால் உடைந்த நாற்காலிகளும் அடுக்கிவைத்திருந்த அறையில் எனக்கும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். யாருடைய பெயரும் எனக்கு மனதில் நிற்காது. மேசை எண்ணை வைத்துத்தான் ஆட்களைத் தெரியும். ஐம்பத்தொன்று கீபோர்டில் காபியைக் கொட்டுகிறவன். பதினான்கு எதற்கெடுத்தாலும் வைரஸ் என்பாள்.

முப்பத்தேழு அதிகம் பேசாத பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவளால் எனக்கு ஒரே ஒரு தொல்லைதான். வாரத்துக்கு ஒரு முறையாவது, "அண்ணா, மெஷின் ஹேங் ஆகுது" என்பாள். நானும் மெமரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், மேசைக்கடியில் படுத்து ஃபேனைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அடுத்த வாரமும் அதே பாட்டு. அந்த ஒரு மெஷினுக்காக நான் மண்டையை உடைத்துக்கொண்ட நேரத்தில் மற்ற ஐம்பத்தொன்பதையும் இரண்டு தடவை சரி பண்ணியிருக்கலாம்.

ஒரு நாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். யாராவது ஒரு நிமிடம் பிந்தினால்கூட அவர்கள் தோளருகே வந்து நிற்பார். அதனால் ஹாலில் அவருக்கு அலாரம் என்று பெயர்.

"போன மாசம் ரீஸ்டார்ட் நிறைய ஆயிருக்கு. எந்த மெஷின் மக்கர் பண்ணுதுன்னு பாருங்க."

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் எப்போது அணைந்தது, எப்போது எழுந்தது என்று தனக்குள் குறித்துவைக்கும். உட்கார்ந்து பார்த்தேன். மற்ற மேசைகளில் ஒன்று, இரண்டு. முப்பத்தேழில் இருபத்து நான்கு. அந்த மாதத்தில் வேலை நாட்களும் இருபத்து நான்கு. எல்லாமே மதியம் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு.

கடிகாரம் பார்த்து ஹேங் ஆகிற மெஷினை நான் கண்டதில்லை. அவள்தான் வேண்டுமென்றே ரீஸ்டார்ட் கொடுத்திருக்கிறாள். எங்கள் மெஷின்கள் எல்லாம் அரதப் பழசு. ஒரு தடவை அணைத்துவிட்டால், விழித்து, வைரஸ் தேடி, ஃபோன் எடுக்கிற மென்பொருளை முக்கி முனகித் திறந்து தயாராவதற்குப் பதினோரு நிமிடம் ஆகும். அந்தப் பதினோரு நிமிடமும் 'மெஷின் கோளாறு' என்று பதிவாகுமே தவிர, ஆளின் கணக்கில் ஏறாது. எழுந்து போகலாம், யாரும் கேட்க முடியாது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் வேலையை ஏய்த்தது பற்றி எனக்கொன்றும் இல்லை, கம்பெனி என்ன என் மாமனார் வீட்டுச் சொத்தா? என்னை மேசைக்கடியில் படுக்கவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாளே என்பதுதான் உறுத்தியது. ஷட் டவுன், ரீஸ்டார்ட் இரண்டையும் திரையிலிருந்து மறைத்துவிட ஓர் அமைப்பு இருக்கிறது. என் மேசையிலிருந்து ஒரே ஒரு டிக். அறுபது மெஷினிலும் அவை காணாமல் போய்விடும். திரையில் பவர் பொத்தானை அமுக்கினால், இப்போது எதுவும் இல்லை என்று ஒரு வரி மட்டும் வரும். கம்ப்யூட்டர் பெட்டிகளை வைத்திருந்த இரும்புக் கூண்டுகளின் சாவியும் என்னிடம்தான், ஆகவே பிளக்கைப் பிடுங்கவும் வழியில்லை. மேனேஜர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானாகத்தான் செய்தேன்.

செய்துவிட்டு அவரிடம் போய், "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். சில பேர் சும்மா சும்மா அமுக்கறாங்க. ஆப்ஷனையே எடுத்துட்டேன்" என்றேன். எண்ணைச் சொல்லவில்லை. அந்த மட்டும் மனிதத்தன்மை மிச்சமிருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் தன்னைக் கேட்காமல் அதைத் திருப்பி வைக்கக் கூடாது என்று உடனே ஓர் உத்தரவும் போட்டுவிட்டார்.

மறுநாள் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு என் திரையில் புகார் வந்தது. 'மேசை 37. ஷட் டவுன், ரீஸ்டார்ட் இரண்டும் காணவில்லை. அவசரம்.' எனக்குச் சிரிப்பு வந்தது. 'சரிபார்க்கப்பட்டது. கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதி மூடினேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் மூடினேன்.

சாயங்கால இடைவேளையில் நேரிலேயே வந்து கதவருகே நின்றாள்.

"அண்ணா, அந்த ரீஸ்டார்ட் போயிடுச்சு."

"போகல. நான்தான் எடுத்தேன்."

"என் மெஷின்ல மட்டுமாவது திருப்பி வச்சுடுங்களேன்."

"எதுக்கு?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஹேங் ஆகுதுண்ணா."

"தினமும் பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கா? மெஷினுக்கு வாட்ச் ஏதாவது வாங்கிக் கட்டிவிட்டிருக்கீங்களா?"

அவள் முகம் சுண்டிப்போனது.

"இனிமே ஹேங் ஆனா என்னைக் கூப்பிடுங்கம்மா. நானே ஓடி வர்றேன்" என்றேன். போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எதையோ ஜெயித்தவன் போல இருந்தது எனக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த இரண்டு நாளும் அவள் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மாவே எழுந்து போனாள். ஒதுக்கிய இடைவேளையைத் தவிர வேறு நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்தால் மேனேஜரின் திரையில் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு நாளில் இரண்டு கடிதம் வாங்கிவிட்டாள். மூன்றாம் நாள் எழவில்லை. தற்செயலாக அந்த நேரத்தில் நான் ஹாலில் இருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே யாருக்கோ ஃபிரிட்ஜைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் அவள் இருக்கை காலி. அன்றைக்கு முப்பத்தெட்டு என் அறைக்கு வந்தார். பக்கத்து மேசைப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், ஹாலிலேயே மூத்தவர். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஏன் தம்பி, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அங்கயும் ஒயர்தானா?"

"என்னக்கா ஆச்சு?"

"அவளுக்கு ஒரு தம்பி இருக்கான். முப்பது வயசு. வண்டில அடிபட்டு மூளை கொழந்த மாதிரி ஆயிடுச்சு. வலிப்பு வேற. மூணு வேளையும் மாத்திர போடணும். காலைலயும் ராத்திரியும் இவ குடுத்துடுவா. மத்தியானம் இவ ஃபோன் பண்ணி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணணும். இவ குரலக் கேட்டாதான் முழுங்குவான். வேற யார் குடுத்தாலும் விஷம்னு துப்பிடுவான். வீட்டுல வேற நாதி கெடையாது."

"பிரேக்ல பண்ணியிருக்கலாமே."

"பிரேக் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? உன் கம்ப்யூட்டர்தானே முடிவு பண்ணுது! ஒரு நாள் பதினொண்ணு, ஒரு நாள் ரெண்டு. தெனமும் ஒரே நேரத்துல குடுங்கன்னு எழுதிக் குடுத்தா. சிஸ்டம் ஒத்துக்காதுன்னுட்டாங்க. ஃபோனையோ வாசல் லாக்கர்ல வச்சுட்டு வரச் சொல்றீங்க. வேற என்னதான் பண்ணுவா?"

அவர் அங்கிருந்த தண்ணீர் கேன் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"நீ அத எடுத்த மொத நாளும் மாத்திர போடல, எப்படியோ தப்பிச்சான். நேத்தும் போடல. விழுந்துட்டான். அடுப்பு மேடை முனைல இடிச்சு நெத்தி பிளந்து ஆறு தையல். இவ போய்ப் பாக்கறப்போ ரத்தம் காஞ்சு தரையோட ஒட்டியிருந்துச்சாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ கேட்ட கேள்வி அப்படி! அதுக்கப்பறம் எவ சொல்லுவா?"

கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டார். டிக்கை எடுக்க ஒரு நொடி போதும். ஆனால் எதை மாற்றினாலும் மேனேஜரின் பட்டியலில் வரும், அவருடைய உத்தரவு வேறு. உண்மையைச் சொல்லலாம் என்றால், இரண்டு கடிதம் வாங்கியவள், ஒரு மாதம் இருபத்து நான்கு தடவை ஏமாற்றியிருக்கிறாள் என்று நானே போட்டுக் கொடுத்ததாகிவிடும். பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். மெஷினைப் பற்றி நான் சொன்னால் மறுத்துப் பேச அங்கே யாருக்கும் தெரியாது.

"சார், அந்த ரீஸ்டார்ட் ஆப்ஷன திருப்பி வைக்கணும்."

"நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமா சார், ஆனா மெஷினெல்லாம் பழசு. நடுவுல ஒரு தடவ அணைச்சு எழுப்பலேன்னா மொத்தமா படுத்துடும் போல இருக்கு. அப்டேட்டும் உள்ள இறங்க மாட்டேங்குது."

அவர் நம்பினார். "ஒரு தடவ அணைச்சா எழுந்திருக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"பதினோரு நிமிஷம் சார்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? பாவம், கிழட்டு மெஷின்கள், மூச்சு வாங்குகின்றன என்று இழுத்து இழுத்துப் பேசினேன். அவர் அந்தப் பதினொன்றைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதைக் கண்ணால் பார்த்தேன். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று நானே அவள் மேசைக்குப் போய் அந்தப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். ஷட் டவுன், ரீஸ்டார்ட் இரண்டும் பழையபடி வந்து நின்றன.

"தம்பிக்கு எப்படி இருக்கு?"

அவள் முப்பத்தெட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவசரமாக ஒரு வாடிக்கையாளருடன் பேச ஆரம்பித்தார்.

"பரவால்லண்ணா. தையல் இன்னும் பிரிக்கல."

"பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு உங்க மெஷின் ஹேங் ஆகும். அதுல ஏதோ கோளாறு, எனக்கே புரிபடல" என்றேன். அவள் சிரித்தாள். பல் தெரியாத சிறிய சிரிப்பு. மன்னிப்பு என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று வாரம் நன்றாகப் போனது. தினமும் அந்த நேரத்துக்கு நான் என் அறை வாசலில் வந்து நிற்பேன். அவள் திரை இருட்டாகும். லாக்கரைத் திறந்து ஃபோனை எடுத்துக்கொண்டு நடைக்கோடியில் தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று அசையும். பிறகு அந்தப் பக்கம் தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிறவரை காத்திருப்பாள். திரும்பி வரும்போது ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும். மிச்சம் இரண்டு நிமிடம் கையை மடியில் போட்டுக்கொண்டு இருண்ட திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த இரண்டு நிமிடம்தான் அவளுக்கு அந்த நாளின் ஓய்வு என்று நினைக்கிறேன்.

நான்காவது வாரம் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. மேனேஜர் என் அறைக்கே வந்து தோளில் தட்டினார். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் தொட்டதில்லை.

"அறுபது புது டிஸ்க். நீங்க சொன்னதுதான்! பதினோரு நிமிஷம், அறுபது மெஷின்னு மேல எழுதிப் போட்டேன். ஆடிப்போயிட்டாங்க. உங்க பேரையும் போட்டிருக்கேன்."

"இப்ப எதுக்கு சார்? ஓடற வரைக்கும் ஓடட்டுமே."

"நீங்கதானே மூச்சு வாங்குதுன்னீங்க?"

புது டிஸ்க் போட்ட முதல் மெஷின் பதினெட்டு விநாடியில் எழுந்து நின்றது. இரண்டாவதும் பதினெட்டு. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன், முப்பத்தேழை மட்டும் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்தேன். கடைசியில் அதற்கும் போட்டுவிட்டு, எழும்போதே திறக்கும்படி வேண்டாததையெல்லாம் உள்ளே திணித்து மந்தமாக்கினேன். ஐந்தாறு நாள் இப்படி நேரம் வாங்கிவிட்டால் வேறு வழி யோசிக்கலாம் என்று எண்ணம். மறுநாள் காலையிலேயே மேனேஜரின் பட்டியலில் அது மட்டும் சிவப்பாக நின்றது.

"இது ஏன் இன்னும் தூங்குது? பொட்டியையே மாத்திடுங்க. புதுசு ஒண்ணு உபரியா வந்திருக்கு." சொல்லிவிட்டுப் போகவில்லை. அவள் காலை இடைவேளைக்கு எழுந்து போயிருந்தபோது, நான் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அவள் திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை அவள் மேசை வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் அவள் ஃபோனில் இருந்தாள். முடிக்கும்வரை நிற்க எனக்குக் காலில்லையா? தைரியம்தான் இல்லை. அறைக்குத் திரும்பி, அவளுடைய மெஷினின் பதிவைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ரீஸ்டார்ட். பதினெட்டு விநாடியில் எழுந்துவிட்டது. ஒரு நிமிடம் எதுவும் இல்லை. லாக்கருக்குப் பாதி தூரம் போய்விட்டு, ஃபோன் மணி கேட்டு ஓடி வந்திருப்பாள். மறுபடியும் ரீஸ்டார்ட். பதினெட்டு விநாடி. மறுபடியும். நான்காவது தடவை எழுந்த பிறகு கொஞ்சம் இடைவெளி. பன்னிரண்டு முப்பத்தொன்பதுக்கு, நான் அங்கே வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் என் கையால் அல்லாமல் ஒரு முறைகூடப் பார்த்திராத ஒரு வரி வந்தது. எங்கள் ஹாலில் ஒரு ஷிப்ட் எழுந்தால் அடுத்த ஷிப்ட் உட்காரும், எந்த மெஷினையும் மேசைக்காரர்கள் யாரும் அணைக்கிற வழக்கமே கிடையாது. முப்பத்தேழு ஷட் டவுன் கொடுத்திருந்தாள்.

ஓடினேன். நாற்காலி மேசையோடு ஒட்டித் தள்ளிவிடப்பட்டிருந்தது. ஹெட்ஃபோனின் ஒயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முப்பத்தெட்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே முகவாயால் வாசலைக் காட்டினார். லாக்கர் திறந்து கிடந்தது, சாவி அதிலேயே தொங்கியது. அவள் இல்லை.

மெஷின் அணைந்து கிடந்தால் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். கூண்டைத் திறந்து பெட்டியை உயிர்ப்பித்தேன். உடனே ஃபோன் அடித்தது. என்ன நினைத்தேனோ, நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். ஓர் அம்மாளின் வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை, துணியெல்லாம் உள்ளே.

"பிளக்கப் பிடுங்கிட்டு பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி போடுங்கம்மா" என்றேன்.

"பத்து நிமிஷமா? அவ்ளோ நேரம் யாருங்க காத்திருக்கறது?" என்று அலுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதை எடுக்கப்போகும்போது என் தோளருகே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"அவங்க எங்க?"

"பாத்ரூம் சார். இப்ப வந்துடுவாங்க."

அவர் கையைத் திருப்பி மணி பார்த்தார். நானும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வரவில்லை. இரண்டு மணிக்கு மூன்றாவது கடிதத்தை அடித்துவிட்டார்கள். அதை வாங்குவதற்கும் அவள் வரவில்லை, தபாலில் அனுப்பினார்கள். அன்றைக்கு அவள் தம்பி மாத்திரை போட்டுக்கொண்டான் என்று முப்பத்தெட்டு பிற்பாடு சொன்னார். வீடு போய்ச் சேரும்வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் அவனோடு பேசிக்கொண்டே போனாளாம். வேறு வேலை தேடுகிறாள், இன்னும் ஒன்றும் அமையவில்லை என்றார். அவள் நம்பரைக் கேட்டேன்.

"நீ இதுவரைக்கும் பண்ணினது போதும்" என்றார்.

அடுத்த வாரம் முப்பத்தேழில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். அவளுக்குப் பாஸ்வேர்டு போட்டுக்கொடுக்கப் போனேன். ஏதோ ஒன்று சரியாக ஏறவில்லை என்று ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை இருண்டது, நான் நிமிர்வதற்குள் எழுந்து நின்றது.

"செம ஸ்பீடுண்ணா!" என்றாள். "எங்க பழைய ஆபீஸ்ல ரீஸ்டார்ட் குடுத்தா, வெளிய போய் வீட்டுக்கு ஃபோன் பண்ணிப் பேசிட்டே வந்துடலாம். அவ்ளோ நேரம் எடுக்கும். இதெல்லாம் நீங்க பண்ணதா?"

"ஆமாம்மா" என்றேன். "நான் பண்ணதுதான்."